பித்தத்துக்குச் சுட்ட ரொட்டி

எங்கள் ஊரில் கையில் ரொட்டிப் பாக்கெட்டோடு தெருவில் நடந்து பாருங்கள். சுற்றுலா வந்தவர்கள் சுற்றுகிற ஏரிச் சாலையைச் சொல்லவில்லை. கொடைக்கானலிலேயே பிறந்து குளிரில் நடுங்கிக் குடித்தனம் நடத்துகிற எங்கள் தெருவைச் சொல்கிறேன். வாசல் தெளிக்கிறவள் நிமிர்ந்து பார்ப்பாள். குடத்தோடு எதிரே வருகிறவள் நின்றுவிடுவாள். "யாருக்கு முடியல?" என்று கேட்காமல் ஒருத்தரும் வழி விட மாட்டார்கள். இட்லி, தோசை, சோறு எல்லாம் மனுசர் தின்பது. ரொட்டி காய்ச்சல்காரர் தின்பது. ஆஸ்பத்திரிக்கு ஆளைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு கையில் ரொட்டியும் இன்னொரு கையில் ஹார்லிக்ஸும் கொண்டுபோவார்கள். வெள்ளைக்காரர்கள் எத்தனையோ தலைமுறையாக இந்த மலைமேல் உட்கார்ந்து ரொட்டி சுட்டுத் தின்று காட்டியும் எங்கள் ஜனங்களின் இந்த எண்ணம் மட்டும் அசையவே இல்லை.

அப்படிப்பட்ட தெருவில், நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம், எங்கள் வீட்டில் தினமும் ரொட்டி வெந்தது.

எல்லாம் அம்மாவின் பித்தத்தால் வந்தது. ஆவணி மாசத்தில் அம்மாவுக்கு வாந்தி ஆரம்பித்தது. உலை கொதிக்கிற வாசனை வந்தால் போதும், வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கத்துப் பேரிக்காய் மரத்தடிக்கு ஓடுவாள். கடுகு வெடித்தால் ஓடுவாள். வெங்காயம் அரிந்தால், அரிகிற ஆளையே ஒரு முறை முறைத்துவிட்டு ஓடுவாள். என்ன ஆச்சு என்று கேட்டேன். "பித்தம், பாப்பா" என்றார் அப்பா. பித்தம் என்றால் அவ்வளவுதானே, இஞ்சிச் சாறு குடித்தால் போய்விடும் என்று நான் விட்டுவிட்டேன்.

பித்தம் போகவில்லை. அம்மாவின் வளையல் முழங்கை வரை ஏறி இறங்க ஆரம்பித்தது. ஏரிப்பக்கம் தைலமும் சாக்லேட்டும் விற்கிற கடை வைத்திருந்த அப்பா, சமையலை வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்கு மாற்றிக்கொண்டு, வேகாத சோறும் வெந்து தீய்ந்த குழம்புமாக எனக்குப் போட்டார். சேர்த்துப் போட்ட இரண்டு கட்டிலில் நடுவில் படுத்துக் கை காலை விரித்துப் போட்டுத் தூங்குகிற வழக்கம் எனக்கு. அம்மாமேல் என் கால் படாமலிருக்க அப்பா ஒரு தலையணையை இடையில் சொருகினார். அதற்கும் காரணம் பித்தம்தான். கடையிலிருந்து வந்ததும் வராததுமாக "அம்மா எதாச்சும் சாப்ட்டாளா?" என்று என்னைத்தான் கேட்பார். இல்லை என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கும். அம்மா இப்படியே சாப்பிடாமல் கரைந்துபோய்விடுவாளோ என்று எனக்குப் பயமாகவும் இருந்தது, பயத்தை வெளியே சொல்லாமல் வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. வட்டக்கானலில் ஒரு விருந்தினர் விடுதியில் ஜீப் ஓட்டிக்கொண்டு, மிச்ச நேரத்தில் குழாய் ரிப்பேர் பார்த்து, கேட்டுக்குப் பெயிண்டும் அடிப்பவர். அங்கே தங்கியிருந்த ஒரு வெளிநாட்டு அம்மாள் தானே சுட்டுக் கொடுத்த ரொட்டியில் பாதியை மாமா செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்திருந்தார். எனக்குத்தான் கொண்டுவந்தார். அம்மா தூரத்திலிருந்து அதைப் பார்த்தாள். ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டாள். இன்னொரு துண்டு போட்டாள். நாங்கள் மூன்று பேரும் பேரிக்காய் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா எழுந்து ஓடவே இல்லை. அப்பா சட்டென்று திரும்பிக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டார்.

மறுநாள் அப்பா கடைவீதியில் ரொட்டி வாங்கி வந்தார். இனிப்பும் எசன்ஸும் கலந்த அந்த வாசனைக்கு அம்மா பழையபடி மரத்தடிக்கு ஓடினாள். அந்த அம்மாள் சுட்ட ரொட்டிதான் வேண்டும் என்றாகிவிட்டது. மாமாவும் சளைக்காமல் வாங்கி வந்து பார்த்தார். ஆனால் அந்த அம்மாள் ஊருக்குக் கிளம்புகிற நேரம் அது. கடைசியில் ஒருநாள் மாமா ஒரு வெள்ளைப் பெட்டியைக் கம்பளியில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்து இறக்கினார்.

"மச்சான், இதுதான் ரொட்டி மெஷினு. மாவக் கொட்டி மூடிட்டு நம்ம சோலியப் பாக்கலாம். அதுவே பெசஞ்சு, அதுவே உப்ப வச்சு, அதுவே சுட்டுக் குடுத்துரும். அந்தம்மா குடுத்துட்டுப் போயிருச்சு."

கூடவே செங்கல் கனத்தில் இன்னொரு பெட்டி. மெஷினை அதில் செருகி, அதைச் சுவரில் செருக வேண்டுமாம். வெளிநாட்டு மெஷின் நம் ஊர் கரண்டைத் தாங்காதாம், நேராகச் செருகினால் புகைந்துவிடுமாம். அதற்கப்புறம் ஒரு புத்தகம். ரொட்டி மெஷினுக்கென்றே எழுதின சமையல் புத்தகம், முழுக்க இங்கிலீஷ். வெண்ணெய் பிசுக்கு ஒட்டின பக்கங்களில் விதவிதமான ரொட்டிகள் பளபளவென்று படுத்திருந்தன. இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிறவள் என்கிற கெத்தில் வாசிக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

"மூணு கப் மாவு" என்று வாசித்தேன். எந்தக் கப் என்று புத்தகம் சொல்லவில்லை. அப்பா மாவுக்குக் காப்பி டம்ளரையும் தண்ணீருக்குப் பெரிய லோட்டாவையும் எடுத்தார். ஏன் இரண்டும் வேறு வேறு என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மெஷின் தன் பாட்டுக்கு மணிக்கணக்கில் கடகடவென்று உழைத்தது. திறந்தால் உள்ளே ஓரம் மட்டும் காய்ந்த களி. மாமா அதையும் சீனி தொட்டுத் தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். மாமா எதையுமே நல்லா இல்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த தடவை கப் ஒழுங்கானது. ஆனால் அப்பாவுக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. எங்கள் ஊர்க் குளிரில் இட்லி மாவு லேசில் புளிக்காது. முதல்நாளே ஆட்டி, கம்பளி போர்த்தி, அடுப்போரம் வைத்துக் கெஞ்சினால்தான் கொஞ்சம் பொங்கும். "இட்லி மாவே பொங்காத ஊருல ரொட்டி மாவு எப்பிடிப் பொங்கும்? இந்தப் புஸ்தகம் எழுதுனவனுக்குக் கொடைக்கானல் குளிரு தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, புத்தகம் சொன்ன ஈஸ்ட்டைப் போல இரண்டு மடங்கு போட்டார். மெஷினை அடுப்போரம் நகர்த்தினார். மேலே கம்பளியைப் போர்த்தினார். அவர் கணக்கில் ஒரு குறையும் இல்லை.

மெஷினுக்குள்ளேயே சூடு உண்டு என்பதும், மலை உயர உயர ரொட்டி மாவு கட்டுப்பாடில்லாமல் உப்பும் என்பதும் எங்களுக்கு யார் சொன்னார்கள்? கொஞ்ச நேரத்தில் கம்பளி தானாக எழும்பியது. "ஐயோ, மூச்சு விடுது!" என்று நான் கத்தினேன். மாமா ஓடிவந்து கம்பளியை இழுத்தார். மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு வெளியே வந்து நாலாபக்கமும் வழிந்துகொண்டிருந்தது. சூட்டில் பட்டு ஒரு பக்கம் கருகிப் புகை கிளம்ப, அப்பா கரண்டியால் மாவை உள்ளே தள்ள, தள்ளத் தள்ள அது இன்னும் வந்தது. அம்மா வாசலில் நின்று பார்த்தாள். வாந்திதான் எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. அப்பாவும் கரண்டியை வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஈஸ்ட்டக் கொறைங்க, கம்பளிய எனக்குக் குடுங்க" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு ரொட்டி ஒழுங்காக வந்தது. அடியில் மட்டும், மெஷினுக்குள் மாவு பிசைகிற துடுப்பு நின்ற இடத்தில் ஒரு ஓட்டை இருக்கும். முதலில் எலி என்று நினைத்து நான் தின்ன மறுத்தேன். அம்மா காலையில் இரண்டு துண்டு, மத்தியானம் ஒரு துண்டு என்று சாப்பிட்டாள். கேள்வி கேட்ட அப்பாவிடம் நான் பெருமையாக "சாப்ட்டாங்க" என்றேன்.

ரொட்டி வேகிற வாசனையைக் கதவைச் சாத்தி அடைக்க முடியுமா? தெரு முழுக்கப் போனது. முதலில் வந்தது எதிர்வீட்டு அத்தை. சொந்த அத்தை இல்லை. எல்லோர் வீட்டு விஷயமும் தெரிந்தவள் என்பதால் எல்லோருக்கும் அத்தை. ஒரு பையில் ஆரஞ்சு, இன்னொரு பையில் ஹார்லிக்ஸ்.

"யாருக்குடி முடியல?"

எனக்கு வந்ததே கோபம். "யாருக்கும் ஒண்ணும் இல்ல அத்தை. இது மெஷின் ரொட்டி. பணக்காரங்க வீட்டுல எல்லாம் தெனமும் இதான் சாப்பிடுவாங்க. அம்மாவுக்குச் சும்மா பித்தம்."

அத்தை அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். "அப்பிடியா, பித்தந்தானா" என்று சொல்லி ஆரஞ்சை வைத்துவிட்டுப் போய்விட்டாள். மணிக்கணக்கில் பேசுகிறவள் ஏன் அவ்வளவு சீக்கிரம் போனாள் என்று நான் யோசிக்கவில்லை.

அவள் போனதும் மற்றவர்கள் வந்தார்கள். நானா விடுவேன்? வருகிற ஒவ்வொருவரிடமும் இது நோயாளி ரொட்டி இல்லை என்று வாதாடினேன். வாதாடி முடியாமல், தட்டில் துண்டு போட்டு எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சாப்பிடக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு நன்றாயிருக்கிறது என்று ஒருத்தராவது சொல்ல வேண்டாமா? "அம்மா சாப்ட்டாளா? எத்தன துண்டு சாப்ட்டா? உள்ள நிக்கிதா?" என்றுதான் கேட்டார்கள். மளிகைக் கடை பாய், மைதா நிறுத்துக் கட்டும்போது நான் கேட்காமலே எலுமிச்சம்பழமும் உப்பில் ஊறின நெல்லிக்காயும் பையில் போட்டார். "இது அம்மாட்ட குடும்மா. வெரசா போ, மழ வருது" என்றார். அத்தை எங்கிருந்தோ பருவம் இல்லாத காலத்தில் மாங்காய் தேடிக் கொண்டுவந்தாள். காய்ச்சலுக்கு மாங்காய் தருவார்களா? எங்கள் தெருக்காரர்களுக்கு வைத்தியமும் தெரியவில்லை, ரொட்டியும் தெரியவில்லை என்று நான் மாமாவிடம் புகார் சொன்னேன். மாமா வழக்கம்போல, "நல்லவங்கதான், பாப்பா" என்றார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் காற்று சுழற்றியடித்தது. எங்கேயோ கம்பிமேல் மரம் விழுந்து கரண்ட் போனது. காலையில் போட்ட மாவு பாதி உப்பின நிலையில் மெஷினுக்குள் கிடந்தது. மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சுருண்டிருந்தாள். வாசலில் மாமாவின் ஜீப். அப்பா அம்மாவைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போனார்.

"பித்தம் கொஞ்சம் ஜாஸ்தியாயிருச்சு பாப்பா. ஊசி போட்டுட்டு வந்துர்றோம். அத்தை வீட்டுல இரு." அப்பாவின் குரல் அப்பாவின் குரலாகவே இல்லை.

அத்தை வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஓயாமல் பேசுகிற அத்தை கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரே ஒரு கவலைதான் தெளிவாகத் தெரிந்தது. ஊசி போட்டு வந்ததும் அம்மாவுக்குப் பசிக்கும். வேறு எதுவும் அவளுக்குப் பிடிக்காது.

"அத்தை, மாவு அப்பிடியே கெடக்கு. மெஷின்ல."

அத்தை என்னை வெறித்துப் பார்த்தாள். பிறகு எழுந்தாள் பாருங்கள், அப்படி ஒரு வேகத்தில் நான் அவளைப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுச் சாவியை வாங்கி மாவை எடுத்துவந்தாள். குக்கருக்குள் மணலைக் கொட்டிச் சூடாக்கி, எண்ணெய் தடவின பாத்திரத்தில் மாவை வைத்து, விசில் இல்லாமல் மூடினாள். கிறிஸ்துமஸுக்கு அவள் கேக் செய்கிற வழி அது. மூடியையே பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சி உறிஞ்சித் துடைத்தாள். என்ன அத்தை என்றேன். அடுப்புப் புகை என்றாள். கேஸ் அடுப்பில் ஏது புகை என்று எனக்குத் தெரிந்திருந்தும், பெரியவர்களிடம் எல்லாவற்றுக்கும் வாதாடக் கூடாதென்று அன்றைக்கு ஒருநாள் விட்டுவிட்டேன்.

அடி கறுத்து, தலை வெளுத்து ஒரு ரொட்டி வந்தது. அதைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். பாய் கடையைப் பாதி இழுத்து மூடிவிட்டு எங்களைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் எல்லோர் கையிலும் ரொட்டி. முதல் தடவையாக என்னை ஒருத்தரும் யாருக்கு முடியல என்று கேட்கவில்லை.

அம்மா படுத்திருந்த கட்டிலின் கால்மாட்டை இரண்டு பக்கமும் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். தலை கீழே, கால் மேலே. இப்படிப் படுத்தால் பித்தம் இன்னும் தலைக்கல்லவா ஏறும்? நர்ஸம்மாவிடம் கேட்டேவிட்டேன்.

"எங்கம்மாவுக்குப் பித்தம்தான். தெரியும்ல?"

நர்ஸம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஜன்னலைப் பார்த்தார். "ஆமா தங்கம், பித்தம்தான். கொஞ்சம் கெட்டிக்காரப் பித்தம். கெட்டியாப் புடிச்சுக்கிட்டு இருக்கு" என்றாள் நர்ஸம்மா. அதைக் கேட்டு அப்பா எதற்கு முகத்தை மூடிக்கொண்டார் என்று எனக்கு விளங்கவில்லை. நான் ரொட்டியைப் பிய்த்து அம்மா வாயில் வைத்தேன். கறுத்த ஓரத்தைக்கூட விடாமல் சாப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்தபிறகும் அம்மா எழுந்து நடமாடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மார்கழியும் தையும் கம்பளிக்குள்ளேயே கழிந்தன. மெஷின் ஓடியது, தெரு எதையாவது கொண்டுவந்தபடி இருந்தது. வாந்தி நின்று அம்மாவுக்குச் சோறு இறங்கியபிறகும் காலையில் ஒரு துண்டு ரொட்டி மட்டும் கேட்பாள். ஒருநாள் கம்பளி விலகினபோது அம்மாவின் வயிறு பெரிதாகியிருப்பதைப் பார்த்தேன். நேரே அப்பாவிடம் போய், "ஈஸ்ட்டை இன்னும் கொறைங்கப்பா. அம்மாவுக்கு உள்ள போயி உப்புது" என்றேன். அப்பா, "இனிமே கொறச்சுப் போடுறேன் பாப்பா" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். மாமா ஜீப்புக்குப் பின்னால் போய் நின்று சிரித்துவிட்டு வந்தார்.

முழுப்பரீட்சை முடிந்ததும் என்னைப் பழனியில் அப்பாவின் அக்கா வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது கட்டிலில் ஒரு தம்பி படுத்திருந்தான். இவ்வளவு பெரிய சங்கதியை என்னிடம் மட்டும் ஏன் மறைத்தார்கள் என்று நான் போட்ட கூச்சலில் அவன் எழுந்துவிட்டான். சின்னப்பிள்ளை என்று மட்டம் தட்டிவிட்டார்கள், என் வாய்க்குப் பயந்துவிட்டார்கள் என்றெல்லாம் நினைத்து வருஷக்கணக்கில் மனசுக்குள் பொருமியிருக்கிறேன்.

தம்பி இப்போது மதுரையில் காலேஜில் படிக்கிறான். ரொட்டியைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. மூன்று வேளையும் சோறு வேண்டும். போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது எனக்குக் காய்ச்சல். எதிர்வீட்டு அத்தை, தலை நரைத்தும் வாய் நரைக்காமல், ஒரு ரொட்டிப் பாக்கெட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா காப்பி போட உள்ளே போனாள்.

"ஏன் அத்தை, அன்னைக்கு நெசமாவே பித்தம்னு நம்புனீங்களா?" என்று கேட்டேன்.

"போடி கிறுக்கி. வாசன வந்த அன்னைக்கே தெருவுக்கே தெரியும். பித்தத்துக்கு எவடி மாங்கா குடுப்பா?"

"அப்புறம் ஏன் எங்கிட்ட மட்டும் ஒருத்தரும் சொல்லல?"

அத்தை உள்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். நான் ஒன்றாம் வகுப்புப் படித்தபோது அம்மாவுக்கு ஒரு பிள்ளை தங்கி, ஐந்தாம் மாதத்தில் போய்விட்டதாம். அப்போது என்னிடம் சொல்லியிருந்தார்கள். பாப்பா வரப்போகிறது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேனாம். கட்டிலில் எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் பாப்பாவுக்கு இடம் விட்டு, ஓரத்துக்குப் போய் ஒடுங்கிப் படுக்க ஆரம்பித்தேனாம். பாப்பா வராது என்று ஆன பிறகும் நான் அந்த ஓரத்தை விட்டு வரவில்லை. தூக்கத்தில் உருண்டு கீழே விழுந்து நெற்றி வீங்கியும் மறுநாள் அதே ஓரத்தில்தான் படுத்தேன். எப்ப வரும், எப்ப வரும் என்று தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்டேன்.

"அந்த எடத்தப் பாத்துப் பாத்து ஒங்கம்மா ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடந்தா. திரும்பவும் அப்பிடி ஒண்ணு ஆயிருந்தா யாரு ஒனக்குப் பதில் சொல்றது? அதான், ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கவே இல்ல, எல்லாரும் வாய மூடிக்கிட்டோம்."

எனக்கு அது எதுவுமே நினைவில்லை. நெற்றியைத் தடவிப் பார்த்தேன், தழும்புகூட இல்லை. எனக்கு நினைவிருப்பதெல்லாம் அந்த ரொட்டி வருஷம்தான். அது முழுக்க நான் கட்டிலின் நடுவில் கையையும் காலையும் விரித்துப் போட்டுக்கொண்டு, விடிய விடியத் தூங்கினேன். நகர்ந்து படு என்று யாரும் என்னைச் சொல்லவில்லை.